பந்தி வஞ்சனை



கலியாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு நெய்யும் பருப்பும், அடுத்த வரிசைக்கு வெறுஞ்சோறும் விழுந்தால் நம் பெரியவர்கள் அதைப் பந்தி வஞ்சனை என்பார்கள். ஆதித் திருச்சபையிலும் இந்தக் குறை எழுந்தது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடப்பட்டார்கள். முறையிட்டவர்களை அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை, பொறுத்துக்கொள்ளச் சொல்லவுமில்லை. அர்ச். முடியப்பர் முதலான ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் செய்து, பங்கீட்டையே சீர்ப்படுத்தினார்கள்.

நம் கடலூர் ஜில்லாவிலும் ஒரு பந்தி நடந்துவருகிறது. 1956-ல் நெய்வேலி நிறுவனம் ஏற்பட்டது. 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. இந்தக் கரியில் ஏறக்குறையப் பாதி எடை ஈரம். தூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது; தோண்டிய இடத்தருகிலேயே எரிக்கவேண்டும். ஆகையால் வெளிச்சம் பல ஊர்களுக்கும் போயிற்று. பள்ளமும் சாம்பலும் இங்கே தங்கின. பல குடும்பங்களுக்குச் சம்பளம் கிடைத்தது. பல குடும்பங்களுக்கு வயல் போயிற்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிரின்மேல் யந்திரங்கள் இறங்கியது நாடறிந்த செய்தி.

இப்போது பந்தி மாறுகிறது. 2070-க்குள் கரியமிலவாயுக் கணக்கைச் சரிக்கட்டுவதாக 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா வாக்களித்தது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதே நிறுவனம் விருதுநகர், இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் சூரிய மின்நிலையங்கள் அமைத்திருக்கிறது. அவை நல்லவையே. ஆனால் சுரங்கத்துக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். சூரியத் தகடுகளை நாட்டி முடித்தபின் சில கைகளே போதும்.

அப்படியானால் கரியையே என்றென்றும் எரிப்போம் என்று சொல்லலாமா? கூடாது. 2011 டிசம்பரில் தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை மறந்தோமா? கடல் சூடேறினால் முதல் அடி பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நமக்குந்தான். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'லவுதாத்தோ சி' நிருபத்தில், பூமிக்கு வரும் கேட்டையும் ஏழைக்கு வரும் கேட்டையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று போதித்தார்.

பிரியமானவர்களே, நம் பூசைப் பந்தியிலும் நிலம் இழந்தவரும் இருக்கலாம். சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாய்ப் பிழைப்பவரும் இருக்கலாம். ஒருவரையொருவர் விரோதியாக நினைக்கவேண்டாம். முதலாமவர் சுரங்கம் வந்தபோது இழந்தார். இரண்டாமவர் சுரங்கம் மூடும்போது இழப்பார். இருவருக்கும் கொடுக்கவேண்டியது பிச்சையல்ல, பாக்கி. மூடப்போகும் நாளுக்கு முன்பே பிள்ளைகளுக்குப் புதுத் தொழில் கற்பிப்பதும், தோண்டிய பூமியைச் செப்பனிட்டு உழவுக்குத் தருவதும், புது ஆலைகளில் நம் ஜில்லாவுக்கு இடம் ஒதுக்குவதும் அந்தப் பாக்கியில் சேரும்.

நாம் செய்யக்கூடியது என்ன? கிராம சபை கூடும் நாளில் வீட்டில் முடங்காமல் போய், இவற்றைப் பணிவாகவும் தைரியமாகவும் கேளுங்கள். இன்றிரவு விளக்கைப் போடும்போது, அது யாருடைய வயலிலிருந்து வந்ததென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீணாய் எரியும் விளக்கை அணையுங்கள்.

அன்று விதவைகளுக்காக முறையிட்டவர்களின் குரலைத் திருச்சபை கேட்டது. இன்று நம் அயலாரின் குரலைக் கேட்கும் செவியைச் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.