யாருக்கு ‘வா’, யாருக்கு ‘வாங்க’

‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்மில் பலருக்குக் கண் உறுத்தும். ‘சுவரில்’ என்பதுதான் சரி. ‘பொருத்தவரை’ என்று எழுதியவரைத் திருத்தி ‘பொறுத்தவரை’ என்போம். ‘முயற்சிக்கிறேன்’ என்பவரை ‘முயல்கிறேன்’ என்று சொல்லச் சொல்வோம். ‘வாழ்த்துக்கள்’ சரியா, ‘வாழ்த்துகள்’ சரியா என்று நண்பர்களுக்குள் மனத்தாங்கலே வந்துவிடும். இந்த அக்கறை வேண்டியதுதான். பிழையைக் கண்டு வருந்துகிறவர்கள் இருப்பதால்தான் மொழி பிழைத்திருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று நாள்தோறும் நம் வாயிலிருந்து வருகிறது. அதைத் திருத்தச் சிவப்பு மை எடுப்பவர் யாருமில்லை. வாக்கியம் இலக்கணப்படி குற்றமற்றதாக இருப்பதே காரணம்.

ஓர் அரசு மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசையில் நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். ஜன்னலுக்கு முன்னால் நின்ற அம்மாளுக்கு எழுபது இருக்கும். தண்டட்டி போட்டு வளர்ந்த காது, தோளில் ஒரு துண்டு, கையில் மடித்த பழைய சீட்டு.

“பேரைச் சொல்லு.”

சொன்னார்.

“வயசு?”

“தெரியலையே சாமி. எழுவது இருக்கும்.”

“என்ன பண்ணுது? வாயைத் தொறந்து சொல்லு. சரி, அந்தப் பக்கம் தள்ளி நில்லு.”

அடுத்து நின்றவர், சட்டையை உள்ளே விட்டு, கையில் ஒரு கோப்பு வைத்திருந்த இளைஞர்.

“சொல்லுங்க சார், என்ன பண்ணுது? நேராப் போய் லெஃப்ட்ல திரும்புங்க சார்.”

அதே வாய், அதே நாற்காலி. இடையில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. எழுதிக் கொடுத்தவர் குரலில் கோபம் இல்லை. அந்த அம்மாளை இழிவுபடுத்த வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவும் மாட்டார். அந்த அம்மாளும் முகம் சுளிக்கவில்லை; பேரன் வயதுள்ளவரைச் ‘சாமி’ என்றே அழைத்துக்கொண்டிருந்தார். இருவருக்குமே அது இயல்பாக இருந்தது என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை எது என்று வரையறுத்துத்தான். மக்கள் என்று கருதப்படுவோர் உயர்திணை, மற்றவை அஃறிணை. மக்களுக்குள் மேல், கீழ் என்று அந்த வரையறைக்குள் இன்னொரு கோடு கிழிக்கப்படவில்லை. ஒருவரைப் பன்மையால் சொல்வதைப் பற்றியும் அதே கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் பேசுகிறார். அது வழக்கில் ஏற்பட்ட உயர்வுச் சொல்லே, இலக்கண நெறியால் அமைந்ததன்று என்கிறார். இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. மரியாதைப் பன்மையை இலக்கணம் யாருக்கும் வழங்கவில்லை. யாருக்கும் மறுக்கவும் இல்லை. மக்கள் தாமாகவே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது அது. அப்படியானால் சிலருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த கையும் நம்முடையதுதான்.

அதே இயலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத பேடி போன்றோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை. அவர்களும் உயர்திணைக்குரிய வினைகளையே கொண்டு முடிவார்கள் என்கிறது தொல்காப்பியம். அவ்வளவு தொன்மையான நூலில் உயர்திணையில் நின்றவர்களை, இன்று பேருந்து நிலையத்தில் ஒரு திருநங்கை வரும்போது “அது வருது பாரு” என்று அஃறிணைக்குத் தள்ளுகிறோம். ‘திருநங்கை’ என்ற நல்ல சொல் கிடைத்த பிறகும் வினை திருந்தவில்லை.

பெயர்ச்சொற்களை மாற்றுவதில் நாம் நிறையப் பாடுபட்டிருக்கிறோம், அந்தப் பாடு வீணும் அல்ல. ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. ‘துப்புரவுத் தொழிலாளர்’ ‘தூய்மைப் பணியாளர்’ ஆனார். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சொல்லைச் சுமந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு அந்த அறிவிப்பின் அருமை தெரியும். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் அறிய இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் எந்த அரசாணையும் வினைமுற்றைத் தொட முடியாது. ‘தூய்மைப் பணியாளர்’ என்று முதுகில் அச்சிட்ட மேலங்கியோடு தெருவில் நிற்கும் பெண்ணிடம், “ஏம்மா, இந்தப் பக்கம் பெருக்கவே இல்லையே, கண்ணு தெரியலையா உனக்கு?” என்று மாடியிலிருந்து கேட்கிறோம். பெயரில் ஏறிய மரியாதை வினையில் இறங்கிவிடுகிறது.

தமிழில் இதிலிருந்து ஒதுங்கி நிற்பதும் எளிதல்ல. ஆங்கிலத்தின் ‘யூ’ எல்லாருக்கும் பொது. இங்கே வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று வினை முடியும் இடத்தில் ஆளின் மதிப்பும் சேர்ந்தே வந்துவிடும். மழுப்ப ஒரே ஒரு வழி உண்டு. “எங்க போகணும்?”, “என்ன வேணும்?” என்று ஆளைத் தொடாமல் கேட்டுவிடலாம். நல்ல நடத்துநர்கள் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். காய்கறிக் கூடையோடு ஏறுகிறவருக்கும் மடிக்கணினிப் பையோடு ஏறுகிறவருக்கும் அந்த ஒரே கேள்விதான். ஆனால் அதே பேருந்தில் “உள்ள போ, உள்ள போ” என்பது கூடைக்கும், “கொஞ்சம் உள்ள போங்க சார்” என்பது பைக்கும் போவதையும் எத்தனையோ முறை கேட்டாயிற்று.

கொங்கு நாட்டின் ‘ங்க’ பேர்போனது. ஆமாங்க, சரிங்க, ஏனுங்க என்று எதற்கும் பின்னால் ஒரு பணிவு ஒட்டிக்கொண்டு வரும். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு மகிழ்வார்கள். அதே மண்ணில், தோட்டத்துக்கு வேலைக்கு வந்த முதிய அருந்ததியரை நிலக்காரர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ‘வா’, ‘போ’ என்று அழைத்ததும், அந்த முதியவர் சிறுவனைச் ‘சின்னக் கவுண்டரே’ என்று விளித்ததும் நேற்றுவரை நடந்தவை. சில ஊர்களில் இன்னும் முடியாதவை. கொங்கை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தஞ்சையிலும் நெல்லையிலும் இதற்குத் தனித்தனி வடிவம் இருந்தது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன. குவளை கண்ணுக்குத் தெரிந்தது, எடுத்துக் காட்ட முடிந்தது. நாக்கில் வைத்திருக்கும் இரட்டைக் குவளையை எந்தக் கடை வாசலில் நின்று காட்டுவது?

ஒருமையே இழிவு என்று நான் சொல்லவில்லை. முருகனை ‘நீ’ என்கிறோம். பெற்ற தாயை ‘நீ’ என்கிறோம். நெருங்கிய நண்பனிடம் ‘வாங்க’ என்றால் அவன் என்ன கோபம் என்று கேட்பான். “அம்மா வந்துச்சு” என்று அஃறிணை வினையிலேயே பாசத்தைச் சொல்லும் ஊர்களும் உண்டு. எது உறவு, எது அதிகாரம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: நான் சொன்னதை அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல முடியுமா? நண்பன் ‘டா’ போட்டால் நானும் போடலாம். மருத்துவமனை ஜன்னலில் நின்ற அம்மாள், உள்ளே இருந்தவரைப் பார்த்து, “சீட்டைச் சீக்கிரம் எழுதிக் கொடு” என்று சொல்லியிருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் இன்னும் சங்கடம். கணவர் ‘நீ’, ‘வாடி’ என்பார். மனைவி ‘நீங்க’, ‘வாங்க’ என்பார். அது அன்பு என்று இருவருமே சொல்வார்கள். அன்பு இருக்கட்டும். அந்த அன்பு ஏன் ஒரு பக்கம் மட்டும் பன்மையில் பேசுகிறது? இன்றைய இளம் தம்பதிகளில் பலர் இருவருமே ‘நீ’ என்கிறார்கள், சிலர் இருவருமே ‘நீங்க’ என்கிறார்கள். இரண்டும் நல்லதே. யாழ்ப்பாணத் தமிழில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ ஒன்று இருக்கிறது. கணவன் மனைவிக்குள் அதை இருபக்கமும் சொல்லிக்கொள்ளும் குடும்பங்களில் நெருக்கமும் குறைவதில்லை, மதிப்பும் குறைவதில்லை.

“மரியாதை மனசுல இருந்தா போதாதா, வார்த்தையில என்ன இருக்கு?” என்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தாசில்தார் முன்னால் நிற்கும்போது மனத்தில் மரியாதையே இல்லாவிட்டாலும் ‘நீங்க’ என்றுதானே வாயில் வருகிறது? அங்கே வார்த்தையில் ஏதோ இருப்பது தெரிந்திருக்கிறதே.

பிள்ளைகள் இந்தப் பாடத்தை வெகு சீக்கிரம் கற்றுவிடுகிறார்கள். பள்ளிப் பயிற்சித் தாளில் ‘ஆசிரியர் வந்தான்’ என்று எழுதினால் ஒருமை பன்மை மயக்கம் என்று மதிப்பெண் போய்விடும். ‘தோட்டக்காரன் வந்தான்’, ‘வேலைக்காரி வந்தாள்’ என்று எழுதினால் முழு மதிப்பெண். ‘தோட்டக்காரர் வந்தார்’ என்று எழுதச் சொன்னால் எந்த இலக்கணமும் தடுக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஆறு வயதுக் குழந்தை “வாட்ச்மேன், கேட்டைத் தொற” என்கிறது. அறுபது வயதுக்காரர் “இதோ பாப்பா, வாங்க” என்று திறக்கிறார். பக்கத்தில் நிற்கும் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணமாக லட்சக்கணக்கில் கட்டுகிறவர்கள். குழந்தை எங்கே கற்றது என்று தேட வேண்டியதில்லை. காரில் வரும்போது ஓட்டுநரிடம் அவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் கற்றது.

திருக்குறளின் அதிகார வரிசையை ஒருமுறை பார்த்தால் போதும். இனியவை கூறல், விருந்தோம்பலுக்கு அடுத்தும் செய்ந்நன்றி அறிதலுக்கு முன்னும் இல்லறவியலில் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவரை ஏற்பதற்கும், நமக்குச் செய்தவரை மறவாமல் இருப்பதற்கும் நடுவில் பேச்சு இருக்கிறது. நம் வீட்டுக்குள் அன்றாடம் வருகிறவர், நமக்கு அன்றாடம் செய்கிறவர் என்றால் பாத்திரம் துலக்குகிறவரையும் சமைக்கிறவரையும்விடப் பொருத்தமானவர் யார்? அவர்களைத்தான் நாம் ‘அது இன்னைக்கு வரலை’ என்கிறோம்.

மாற முடியாது என்பதும் உண்மையல்ல. சிறுவர்களைக்கூட ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று பேசுவது பெரியாரின் வழக்கம் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரிய பெரிய மாநாடுகளை நடத்தியவருக்கு இந்தச் சின்ன வினையும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றம், காவல்துறையினர் பொதுமக்களை ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று விளிக்கக் கூடாது என்றது. மாநிலக் காவல்துறைத் தலைவரும் அதன்படி சுற்றறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்துக்கு வரும் மக்கள் அங்குள்ள யாரையும் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டது. மேலே ஏறிப்போன மரியாதையைக் கொஞ்சம் இறக்கியும், கீழே விழுந்து கிடந்த மரியாதையைக் கொஞ்சம் ஏற்றியும் பார்த்த இரண்டு முயற்சிகள். நம் காவல் நிலையங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் ரேஷன் கடைகளிலும் அப்படி ஓர் அறிவிப்பு தொங்கினால் குறைந்தபட்சம், “என்னை ஏன் ஒருமையில பேசறீங்க?” என்று கேட்க நினைப்பவருக்குச் சுட்டிக்காட்ட ஓர் இடம் இருக்கும். வீட்டுக்குள் எந்தச் சுற்றறிக்கையும் வராது. அங்கே நாமேதான் தொடங்க வேண்டும்.

தொடங்கும்போது ஒரு தடை வரும். அது நாம் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வரும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், புதிதாக வந்த மருமகள் சமையல்காரரை முதல் நாளே “வாங்கக்கா, உக்காருங்க” என்றார். அவருக்கு உடம்பே கூசிவிட்டது. “என்னைப் போய் வாங்க போங்கன்னு கூப்பிடாதம்மா, அந்நியமா இருக்கு. எல்லாரும் மாதிரி வா போன்னே கூப்பிடு” என்று கெஞ்சினார். மாமியாரும், அவளே கேட்கும்போது உனக்கு என்ன என்றார். இந்த இடத்தில்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க ஒருமையிலேயே அழைக்கப்பட்டவருக்குப் பன்மை கூசத்தான் செய்யும்; அந்தக் கூச்சத்தை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. மருமகள் வேறு மாதிரி பதில் சொன்னார். “சரிக்கா, நீங்க என்னை வா போன்னுதானே கூப்பிடுறீங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. அத்தையையும் அப்படியே கூப்பிடுங்க. அப்ப நானும் மாத்திக்கிறேன்.” அத்தையை அப்படி அழைக்க அவருக்கு நா எழவில்லை, எழாது என்பது மூவருக்குமே தெரியும். ஆகவே ‘வாங்கக்கா’ அந்த வீட்டில் நிலைத்தது. சில மாதங்களில் கூச்சம் விட்டுப்போயிற்று. தீபாவளிக்கு முன்னால் அவர் மாமியாரிடம் நேராக வந்து, சம்பளம் கட்டுப்படியாகவில்லை, கூட்டித் தர வேண்டும் என்று முதல் முறையாக வாய் திறந்து கேட்டார்.