அளந்த அரிசியும் அறமும்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடித் திங்களில் அருவியாடி வருவோர் தென்காசியையும் செங்கோட்டையையும் எளிதாகக் கடந்து செல்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்விரு ஊர்களுக்கும் நடுவே ஓர் எல்லை இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-இல்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. சென்னை மாகாணமும், அவ்வரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரும் தட்டுப்பாட்டில் சிக்கின. 1943-இல் வங்கத்தில் பல லட்சம் மக்கள் பஞ்சத்தால் மடிந்தனர். அவ்வாண்டிலிருந்து நாட்டில் பங்கீட்டு முறை பரவியது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவு, 1946-இல் 12 அவுன்சாக, அதாவது ஏறத்தாழ 340 கிராமாகக் குறைந்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. புறத்தவம் ஆறனுள் அவமோதரியம் ஒன்று. வயிறு நிறையும் அளவிற்குக் குறைவாக உண்பதே அது. பங்கீட்டு அட்டையின்படி அரை வயிறு உண்டவர் அனைவரும் அத்தவத்தை ஆற்றினவர் ஆவரோ?

ஆகார். கிடைக்காததை உண்ணாமை வறுமை. கிடைப்பதை மனமுவந்து விடுப்பதே நோன்பு. ஆயினும் அந்த வறுமைக்குள்ளும் நோன்புக்கு இடம் இருந்தது. அவ்விடம் அடுக்களை.

நெல்லைச் சீமையின் கூட்டாஞ்சோற்றை எண்ணிப் பாருங்கள். அரிசியோடு பருப்பும், கத்தரியும், வாழைக்காயும், முருங்கைக் கீரையும் சேர்ந்து வேகும்போது சிறிதளவு அரிசி பலர் பசியை ஆற்றுகிறது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிறது. வடித்த கஞ்சி உணவாகிறது. அரிசி களைந்த நீர் பசுவிற்குச் செல்கிறது. முதல்நாள் உணவை மறுநாள் உண்ணாத நம்மவர் இல்லங்களுக்கோ இன்னும் ஒரு கடமை உண்டு. மிச்சத்தைக் காப்பது சிக்கனம். மிச்சம் நேராதவாறு உலையேற்றும் முன்பே அளப்பது அறம்.

அடுக்களைக்கு வெளியே காத்திருந்த சோதனை இன்னும் கடுமையானது. எல்லையின் இருபுறமும் தட்டுப்பாடும் விலையும் வேறுபடும்போது, ஒரு மூட்டை அரிசியை இரவில் மறுபுறம் சேர்த்தால் பெரும் ஆதாயம். தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களாக ஐந்தைக் கூறுகிறது. திருட்டைத் தூண்டுதல், திருடிய பொருளை ஏற்றல், அரச ஆணையை மீறிய வாணிகம், கள்ள அளவை, கலப்படம் என்பன அவை. பங்கீட்டுக் காலத்துக் குற்றங்கள் அனைத்தும் இவ்வைந்தனுள் அடங்கிவிடுகின்றன அன்றோ?

"குழந்தை பசியால் அழும்போது கள்ளச் சந்தை அரிசியை மறுப்பது அறமா?" என்று கேட்கலாம். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதமே. குழந்தையைப் பட்டினியிட அது கூறவில்லை. ஆயினும் அந்தப் படி அரிசி வேறொரு குழந்தையின் பங்கிலிருந்து வந்தது என்பதை மறக்கலாகாது. ஆகவே, வாங்கியவன் தன் செயலைக் குற்றமென உணர்ந்து வருந்தட்டும். திறமையென்று பெருமை கொள்ளாதிருக்கட்டும். பசிக்காகப் பெற்றதற்கும் ஆதாயத்திற்காகப் பதுக்கியதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் அப்பதுக்கலையே வேரறுக்கிறது.

போர் முடிந்தது, பங்கீட்டு நெருக்கடியும் நீங்கியது. ஆனால் செங்கோட்டையை அடுத்த புளியரை சோதனைச் சாவடியில் நியாயவிலைக் கடை அரிசி பிடிபட்ட செய்திகளை இன்றும் நாம் படிக்கின்றோம். திருமண விருந்துகளில் இலையோடு மூடி எறியப்படும் சோற்றையும் காண்கின்றோம். அன்று அளவை அரசு விதித்தது. இன்று விதிப்பார் எவரும் இலர். அவமோதரியம் உண்மையில் தவமாவது இப்போதுதான். நாளை உலைக்கு அரிசி எடுக்கும் கை, ஒரு பிடியைத் தனியே வைத்து இல்லாதவர்க்கு ஈயுமாயின், அதுவே நாம் நமக்கு இட்டுக்கொள்ளும் பங்கீடு.