எனக்கு உடைந்த உன் கோப்பை

ஸ்பானிஷில் கண்ணாடி டம்ளரைக் கைதவறி விட்டவர் பெரும்பாலும் 'நான் போட்டுட்டேன்' என்று சொல்வதில்லை. 'சே மே கயோ எல் பாசோ' என்பார். சொல்லுக்குச் சொல் வைத்தால், 'டம்ளர் எனக்குத் தானாக விழுந்தது'. எழுவாய் டம்ளர்தான். இரண்டு டம்ளர் விழுந்தால் வினை 'கயேரோன்' என்று பன்மையாகிவிடும். விட்ட ஆள் 'மே' என்ற ஓரசையில், நான்காம் வேற்றுமையில், ஓரமாக நிற்பார்.

நான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இந்த 'சே' வினைகளைப் பாடப்புத்தகங்கள் எளிதாகவே ஆரம்பிக்கின்றன. 'லாவார்' என்றால் கழுவுவது. 'லாவார்சே' என்றால் தன்னைக் கழுவிக்கொள்வது. நமக்கு இது பெரிய பாடமே இல்லை, நம்மிடம் 'கொள்' இருக்கிறது. சலூன்காரர் வெட்டியதையே 'முடி வெட்டிக்கிட்டேன்' என்கிறோம். அவர்களும் 'மே கோர்தே எல் பேலோ' என்று அதையேதான் சொல்கிறார்கள்.

என்னை நிறுத்தியது மறதி. 'மறந்தேன்' என்பதற்கு மூன்று வடிவம்: 'ஓல்விதே', 'மே ஓல்விதே', 'சே மே ஓல்விதோ'. முதலாவதில் மறந்தவன் நான். மூன்றாவதில் விஷயம்தான் என்னைவிட்டு நழுவியது. சாவியோ, நண்பனின் பிறந்தநாளோ, பேச்சில் மூன்றாவதுதான் முந்திக்கொண்டு வரும். நம்ம 'மறந்து போச்சுடா' மாதிரி.

அப்படியானால் இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மொழியா? அப்படிக் கிண்டலடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகத் தெரிகிறது. கெய்ட்லின் ஃபாசியும் லெரா போரோடிட்ஸ்கியும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முட்டை உடைவது, பலூன் வெடிப்பது போன்ற காட்சிகளை ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கும் காட்டினார்கள். வேண்டுமென்றே செய்ததை இரு தரப்பும் 'அவர் உடைத்தார்' என்றே விவரித்தது. தற்செயலாக நடந்ததில்தான் பிரிந்தார்கள். ஸ்பானிஷ்காரர்கள் 'உடைந்தது' என்று அதிகம் சொன்னார்கள். யார் கை பட்டது என்பதும் அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது. தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே செய்ததிலிருந்து வாக்கிய அமைப்பிலேயே பிரித்துவைக்கும் பழக்கத்தில் ஒரு நியாய உணர்வு இருக்கிறது என்பேன்.

எனக்குக் குடைச்சல் கொடுப்பது 'சே' இல்லை, அந்தக் குட்டி 'மே'தான். அது பாதிக்கப்பட்டவரின் இடம். யார் தலையில் அந்த நிகழ்ச்சி விழுந்ததோ அவருக்கானது. என் டம்ளர் என் கையிலிருந்து விழுந்தால் அங்கே நான் உட்காரலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் உன் கோப்பையை நான் உடைத்துவிட்டு 'சே மே ரொம்பியோ து தாசா' என்கிறேன். உன் கோப்பை, எனக்கு உடைந்தது! இலக்கணப்படி துளிப் பிழையில்லை. நஷ்டம் உன்னுடையது, ஆனால் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நான். எதிரில் இன்னொருவரின் இழப்பு இருக்கும்போது அந்த இடத்துக்கு எனக்கு உரிமை உண்டா?

கோப்பைக்கு இவ்வளவு வழக்கு வேண்டாம்தான். ஆனால் மனிதர்கள் காணாமல் போன நாடும் இதே மொழியைத்தான் பேசுகிறது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சி, ஆட்களைத் தூக்கிப்போய்க் கொன்றது. சர்வாதிகாரி விதேலா 1979இல் பத்திரிகையாளர்களிடம், காணாமல் போனவர் உயிரோடும் இல்லை, இறந்தும் போகவில்லை என்ற பொருளில் பேசினார். அங்கே புழங்கிய சொல் 'தெசபரெசிதோ'. அதன் வேர்வினை 'தெசபரெசேர்', தானாக மறைவது. அதில் 'சே' இல்லை, ஆனால் வேலை அதேதான்: செய்தவன் இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும்.

மக்கள் அந்த வினையைத் திருப்பினார்கள். 'லோஸ் தெசபரெசியேரோன்' என்று செயப்படுபொருள் சேர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். 'அவர்களைக் காணாமல் போனார்கள்' என்று தமிழில் சொன்னால் எப்படிக் காதில் இடறுமோ, அப்படி. மறைவது மறைப்பதாக மாறியது, தன்வினை பிறவினையானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு, 'மே லோ ஷெவாரோன்': 'என்கிட்டேர்ந்து அவனைக் கொண்டுபோயிட்டாங்க'. டம்ளர் வாக்கியத்தில் இருந்த அதே 'மே'. இங்கே அது இருக்க வேண்டியவரிடமே இருக்கிறது.

'கொண்டுபோயிட்டாங்க' என்பதிலும் யார் என்று சொல்லவில்லை, பாருங்கள். 1985இல் ராணுவத் தலைவர்கள்மீது நடந்த வழக்கில் நீதிமன்றம் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பில் எழுவாய்கள் பெயரோடு இருந்தன.