ஓசையும் காரணமும்

ஒரு தீங்கு நேர்ந்தவிடத்து மனிதன் முதலில் தேடுவது காரணத்தையா, குற்றவாளியையா? இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுவர். ஒன்றல்ல என்பதை நாம் அண்மையில் கழக்கூட்டத்தில், பழுதுற்ற ஒரு காரின் முன் நின்றுகொண்டு கற்றோம். அதனை அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

ஆலப்புழை மாவட்டத்துக் கருமாடியில், மக்கள் கருமாடிக்குட்டன் என வழங்கும் கருங்கற் புத்தர் சிலையைக் காண வேண்டி, நாம் நால்வர் நாகர்கோயிலிலிருந்து காரிற் புறப்பட்டோம். திருவனந்தபுரத்தைக் கடந்து கழக்கூட்டத்தை அணுகினோம். 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலையில் ஏறுமுன்னரே, எஞ்சின் பக்கமிருந்து மாவரைப்பது போன்றதோர் ஓசை எழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினோம்.

காரணம் தேடுமுன்னரே குற்றவாளி கிடைத்துவிட்டார். சில நாட்களுக்கு முன் நம் ஊர்ப் பட்டறையில் ஓர் இளைஞர் எஞ்சினின் பெல்டை மாற்றியிருந்தார். “அந்தப் பையன் கை வைத்ததன் பலன்” என்றார் நம்மில் ஒருவர். “இதென்ன அவன் பரம்பரைத் தொழிலா?” என்றார் மற்றொருவர். சொன்னவரும் கேட்டவரும் சாதியை விட்டொழித்தோம் எனச் சபை நடுவே உறுதி கூறியவர்கள். அச்சொல்லை அப்பொழுது எவரும் மறுக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அருகிலிருந்த பட்டறையிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். அவரிடமும் நாம் அவ்விளைஞரின் கதையையே தொடங்கினோம். அவர் கையமர்த்தி, “யார் செய்தது என்பது பிறகு இருக்கட்டும், சாரே. சத்தம் எப்பொழுது வருகிறது? அதைச் சொல்லுங்கள்” என்றார்.

வண்டி நிற்கும்பொழுதும் ஓசை உண்டா என வினவினார், உண்டு. ஆதலின் சக்கரமும் பிரேக்கும் நீங்கின. ஆக்சிலரேட்டரை அழுத்தச் செய்தார். எஞ்சினின் வேகத்தோடு ஓசையும் ஏறியது. ஏ.சி.யை நிறுத்தினார், மாற்றமில்லை. பின்னர், நம் மேல்துண்டு பெல்டில் சிக்காதிருக்க நம்மை விலகி நிற்கச் சொல்லி, நீண்ட ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதருகே வைத்து, அதன் நுனியால் ஓடும் எஞ்சினின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். இரும்பின் வழியே பரவும் ஓசை பிறிதோரிடத்தில் எழுவதுபோல் மயக்கும். வெறுங்காது அங்கே நல்ல சாட்சியன்று. ஆல்டர்னேட்டரைத் தொட்டார், தண்ணீர் பம்பைத் தொட்டார், பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியைத் தொட்டவிடத்துத் தலையசைத்தார். அப்பொழுதும் தீர்ப்புக் கூறினாரில்லை. பெல்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டினார், ஓசை இல்லை. எஞ்சினை அணைத்துப் புல்லியைக் கையாற் சுழற்றினார், கரகரத்தது. அதன் பேரிங்கில் கிரீஸ் உலர்ந்து உருளைகள் தேய்ந்திருந்தன.

“பெல்ட் புதியது. மாட்டியவன் சரியாகத்தான் மாட்டியிருக்கிறான்” என்றார் அவர்.

காரினுள்ளே பழைய பில் கிடந்தது. எடுத்து நோக்கினோம். புல்லியின் பேரிங் தேய்ந்துள்ளது, அதனையும் மாற்றவேண்டும் என்று அவ்விளைஞர் எழுதி வைத்திருந்தார். செலவை எண்ணி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சொன்னது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. அப்பில்லின் கீழே நம் கையொப்பமும் இருந்தது.

ஓசையின் காரணம் தேடியவர் வரலாற்றில் இன்னொன்றும் நினைக்கத்தக்கது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இரு விஞ்ஞானிகளின் பெரிய ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலொன்று பதிவாயிற்று. அதனுள் கூடுகட்டியிருந்த புறாக்களின் மீது ஐயம் விழுந்தது. எச்சத்தைத் துடைத்தனர், புறாக்களைப் பிடித்துத் தொலைவில் விட்டனர், திரும்பி வந்தவை சுடப்பட்டன. இரைச்சலோ நிற்கவில்லை. அது பிரபஞ்சத்தின் இளம்பருவத்தில் எழுந்து இன்றும் எத்திசையும் நிறைந்துள்ள கதிர்வீச்சு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1978இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. குற்றமற்ற புறாக்களுக்கு உயிர் மீளவில்லை.

அங்ஙனமாயின் எவரையுமே குற்றங் கூறலாகாதோ எனச் சிலர் வினவலாம். அஃதன்று. ஆராய்ச்சியின் முடிவில் அவ்விளைஞரின் பிழையே வெளிப்பட்டிருப்பின், அதை அவரிடம் கூறுதல் முறையே. ஆயின், அப்பொழுதும் நாம் சாலையோரத்தில் கூறிய சொல் நீதியாகிவிடாது. ஊகம் தற்செயலாக உண்மையோடு பொருந்துவதால் அறிவாகாது. அவ்வாறே ஆராயாத பழியும், பொருந்திவிட்ட காரணத்தாலேயே அறமாகாது. கேள்விப்பட்டதென்றோ, வழிவழி வந்ததென்றோ ஒன்றை ஏற்கவேண்டாவெனக் காலாமர்க்குப் புத்தர் உரைத்ததை நாம் பன்முறை மேடையிற் கூறியிருக்கிறோம். நம் வாயில் அன்று வந்ததும் வழிவழி வந்த சொல்லே. எச்சொல்லால் நம் முன்னோர் ஆராயப்படாமலே குற்றவாளிகளாயினரோ, அதே சொல்.

பேரிங்கை மாற்றியபின் வண்டி அமைதியாக ஓடிற்று. கருமாடியை அடையுமுன் அவ்விளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கேளாத நம் சொல்லையும் மறையாது கூறி வருந்தினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “பேரிங்கை மாற்றிவிட்டீர்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார்.