முஸ்தபா பேக் துரோகியா?

வேலூர்க் கோட்டைப் புரட்சியை நாவலாக்க உட்காரும் எழுத்தாளருக்குப் பாத்திரங்களைத் தேடி அலையும் வேலை இல்லை. தலைவனாக ஜமேதார் ஷேக் காசிம் இருக்கிறார். கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்ட திப்புவின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்த ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி இருக்கிறார். காட்டிக்கொடுத்தவனும் உண்டு: முஸ்தபா பேக் என்ற சிப்பாய். தமிழில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவனை ஒரு வரியில் துரோகி என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். நாவல் தொடங்க வேண்டிய இடமே அந்த வரிதான்.

1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தலைமைத் தளபதி சர் ஜான் கிரேடாக் புதிய தலைப்பாகையைக் கொண்டுவந்தார். பார்வைக்குத் தொப்பி போன்றது. முன்புறம் தோலாலான சின்னம். அது பசுத்தோல் என்றது ஒரு பேச்சு, பன்றித்தோல் என்றது இன்னொன்று. அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதிகளும் சேர்ந்துகொண்டன. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் தோல் பதனிடும் ஷாப்புகளால் பிழைக்கும் ஊர்கள். அந்த வட்டாரத்தில்தான் ஒரு துண்டுத் தோலுக்காக ரத்தம் ஓடியது என்பதை விந்தையாகச் சொல்வதுண்டு. விந்தை ஒன்றுமில்லை. தோல் காலில் இருக்கலாம், மிருதங்கத்திலும் இருக்கலாம். அடுத்தவன் ஆணையிட்டுத் தலையில் ஏற்றும்போதுதான் அது வேறு பொருளாகிறது.

1806 மே மாதம் வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளம் அந்தத் தலைப்பாகையை ஏற்க மறுத்தது. 21 பேர் மீது ராணுவ விசாரணை நடந்தது. 10 பேர் முஸ்லிம்கள், 11 பேர் இந்துக்கள். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்கு 900 சவுக்கடி. மற்ற 19 பேருக்கு விதித்த 500 சவுக்கடி, அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் கைவிடப்பட்டது. சாதிக்கொரு அடுப்பு, மதத்துக்கொரு பானை என்று பிரிந்து சமைத்த படை அது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நட்பு அல்ல அவர்களுடையது. சேர்ந்து பட்ட அவமானம்தான் அவர்களைக் கூட்டாளிகளாக்கியது. கம்பெனியே அதைச் செய்து கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

சிப்பாய்களிடையே ரகசியக் கூட்டங்கள் நடந்தன, சத்தியம் வாங்கினார்கள். ஜூன் நடுவில் 1ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சதியைச் சொன்னான். ஃபோர்ப்ஸ் அந்தப் புகாரை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்களில் சிலர் சதியில் இருந்தவர்கள். ஆள் பைத்தியம் என்று சொல்லி விலங்கு மாட்டி வைத்தார்கள். ஜூலை 10 அதிகாலை எல்லாம் வெடித்தது.

அவன் செய்தது என்ன? செஞ்சோற்றுக்கடன் என்ற அளவுகோலை எடுத்தால் அவன் சரி: சம்பளம் தந்தவனுக்கு எச்சரிக்கை சொன்னான். ஆனால் அதே அளவுகோலால் கம்பனின் கும்பகர்ணனும் சரி. அண்ணன் தவறு செய்தவன் என்று தெரிந்தே அவன் போர்க்களத்துக்குப் போனான். இந்தப் பக்கம் வந்துவிடு என்று தம்பி வீடணன் கெஞ்சியும் வரவில்லை. வீடணனை நாம் பக்தன் என்கிறோம், கும்பகர்ணனுக்காக அழுகிறோம். கர்ணன் விஷயத்திலும் இதே குழப்பம்தான். தமிழ் மனம் இந்தக் கேள்வியைத் தீர்த்து வைக்காமல், இரண்டு பேருக்கும் இடம் கொடுத்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவிலும் அது தீரவில்லை. நாட்டுக்கும் நண்பனுக்கும் இடையே ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால் நாட்டைக் கைவிடும் துணிவு தனக்கு வரட்டும் என்ற பொருளில் 1938இல் எழுதியவர், இந்தியாவைப் பற்றி நாவல் எழுதிய ஈ. எம். ஃபார்ஸ்டர்.

வேலூரில் சிக்கல் இன்னொரு மடங்கு. கடன் என்றால் இரு பக்கமும் வாக்கைக் காக்க வேண்டும். சிப்பாயின் மதப் பழக்கத்தில் கைவைக்காமல் இருப்பதுதான் கம்பெனிப் படையின் சொல்லப்படாத ஒப்பந்தம். அதை முதலில் மீறியவர் கிரேடாக். ஆகவே முஸ்தபா பேக் கம்பெனிக்குப் பட்டிருந்த கடன் அந்தத் தலைப்பாகையோடு தீர்ந்தது என்று வாதிடலாம். நான் அந்த வாதத்தின் பக்கம்தான். ஆனால் கூட்டாளிகளுக்கு அவன் பட்ட கடன்? வள்ளுவர் இடித்துரைப்பதை நட்பின் கடமையாக வைக்கிறார். அப்படியானால் அவன் முதலில் போக வேண்டிய இடம் ஃபோர்ப்ஸின் அறை அல்ல, காசிமின் கூட்டம். அங்கே எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் உயிரோடு திரும்பியிருப்பானா என்பது வேறு கேள்வி. சத்தியம் வாங்கிக்கொண்ட கூட்டத்தில் இடித்துரைக்க இடம் இருப்பதில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவனுக்குக் காரணமும் இருந்தது. கலகம் வெடித்த இரவில் சிப்பாய்கள் தங்களோடு சேர்ந்து காவல் நின்ற வெள்ளைக்காரர்களைக் கொன்றார்கள். 69ஆம் ரெஜிமெண்டின் படைவீடுகளில் தூங்கியவர்களைச் சன்னல் வழியே சுட்டார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளையும் விடவில்லை. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் செத்தார். வெள்ளையர் பக்கம் நூற்றுக்கு மேல் பிணங்கள். திப்புவின் மைசூர்க் கொடி ஏறியது. காலையில் கில்லெஸ்பியின் குதிரைப் படையும் பீரங்கியும் வந்தபின் கணக்கு திரும்பியது: சிப்பாய்களில் ஏறத்தாழ 350 பேர் செத்ததாகச் சொல்வார்கள், அதில் பலர் பிடிபட்டபின் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்கள். விசாரணைக்குப் பின் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர்.

நட்பு தன் வட்டத்துக்குள் எவ்வளவு இறுக்கமோ, வெளியே அவ்வளவு ஈரமற்றதாக முடியும். இது இரு தரப்புக்கும் பொருந்தும். அலங்கத்தின் மேல் சிக்கித் தவித்த 69ஆம் ரெஜிமெண்டின் சார்ஜெண்ட் பிரேடி, தூரத்தில் வந்த கில்லெஸ்பியை அடையாளம் கண்டு குதூகலித்ததாகக் கதை உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் சேர்ந்து போரிட்டவர்களாம். அங்கிருந்து கயிறு இறக்கி கில்லெஸ்பியை மேலே தூக்கினார்கள். ஆங்கிலக் கவிஞர் நியூபோல்ட்டுக்கு அது வீரக் கவிதையானது. சுவரோரம் நின்ற சிப்பாய்களுக்கு அதே நட்பு எமனானது.

முஸ்தபா பேக்குக்குக் கம்பெனி 2,000 வராகனும் சுபேதார் ஓய்வூதியமும் கொடுத்தது. தலைப்பாகை ஆணை ரத்தானது; 1807இல் ஆளுநர் பெண்டிங்கும் கிரேடாக்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். முஸ்தபா பேக் காப்பாற்ற முயன்ற ஆணையை, அதைப் பிறப்பித்தவர்களே கைவிட்டார்கள். கலகத்தில் இறங்கிய ரெஜிமெண்டுகளின் எண்கள் படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

இதை எழுத வருபவர் செய்ய வேண்டிய கடினமான வேலை ஒன்று உண்டு. கம்பன் கும்பகர்ணனையும் வீடணனையும் களத்தில் நேருக்கு நேர் நிறுத்திப் பேசவிட்டான். ஷேக் காசிமையும் முஸ்தபா பேக்கையும் ஒருமுறையாவது அப்படி எதிரெதிரே உட்கார வைத்து, ஜூன் மாதத்து வேலூர் வெயிலில், யாரும் யாரையும் துரோகி என்று அழைப்பதற்கு முந்திய அந்த நாட்களில், இருவர் வாயிலும் நியாயத்தை வைத்துப் பேசவிட வேண்டும்.