பிறர் பணத்தில் ஒரு மனை

காஞ்சிபுரத்தில் இப்போது பட்டைப் பற்றிப் பேசுகிறவர்களைவிட மனையைப் பற்றிப் பேசுகிறவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. காபி குடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் பக்கத்தில் போய் நின்றால், ஒருவர் சதுர அடி விலை சொல்லிக்கொண்டிருப்பார். மற்றவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை வந்தது. பிறகு ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்கு அறிவிப்பு, நெல் விளைந்த வயல்களில் வர்ணம் பூசிய கற்கள் முளைத்தன.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வாலிபன் தானும் ஒரு மனை வாங்கி விற்று முன்னுக்கு வரலாம் என்று ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மனையின் விலை பத்து லட்சம். கையில் இருப்பது பத்திரச் செலவுக்குத்தான் காணும். பாங்கியில் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். அவனிடம் அது இல்லை. ஆகவே அத்தையிடம் போகிறான். அவளிடம் காலஞ்சென்ற கணவனின் பணம் இருக்கிறது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கிறாள். அவளிடம் அவன் கேட்பது நியாயமா? நியாயம் என்றால், எந்த நிபந்தனையின் பேரில் நியாயம்? இதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

கடன் வாங்குவதே பாவம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. கடவுளின் பணமே ஒரு காலத்தில் வட்டிக்குப் போயிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட காசுகளை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி செலுத்தியதை ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நூற்றுக்குப் பன்னிரண்டரை. காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டும் ஜரிகையும் ஒருவர் கொடுக்க, மற்றொருவர் நெய்கிற ஊர் இது. பிறர் முதல் இல்லாவிட்டால் பாதித் தறிகள் ஓடா. அதே ஊர்தான் முன்பணத்தின் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அதை அடைக்க முடியாமல், வேறு ஒருவரின் பாவைத் தறியில் ஏற்ற முடியாமல் ஆயுளைக் கழித்த நெசவாளிகள் உண்டு. ஒரே பணம் ஒருவனுக்கு ஏணி. இன்னொருவனுக்குத் தாம்புக் கயிறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தர்மம் பேசுகிறவர்கள் கணக்கை விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பேசுகிறவர்கள் தர்மத்தை விட்டுவிடுகிறார்கள்.

அத்தை சொந்தக்காரி, ஆகவே ஒரு ரூபாய் வட்டிக்குத் தருகிறாள். பத்து லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 3,60,000. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2; ஆக 90,000. தரகு தனி. தரகை விட்டுவிட்டாலும் மூன்று வருஷம் கழித்து மனை 14,50,000 ரூபாய்க்கு விற்றால்தான் கைப்பிடிப்பு இல்லாமல் தப்பலாம். வெளியாரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் 18,10,000. அதற்குமேல் வருவதுதான் லாபம்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வட்டி மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும். வெறும் மனை மாதந்தோறும் எதுவும் தராது. ஆறு மாதம் சமாளிப்பான். ஏழாவது மாதம் அத்தைக்கு வட்டி கொடுப்பதற்காகத் தண்டல்காரரிடம் போவான். பிறகு மீட்டர் வட்டிக்குப் போவான். கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே செய்திருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் இருப்பவன் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டா கை நீட்டுகிறான்?

மனை விலை ஏறாமல் போகாது என்பார்கள். ஏறலாம். ஆனால் வேண்டிய நாளில் விற்க முடியுமா? 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலம் கண்டபடி மனையாவதைத் தடுக்கப் பிறந்த உத்தரவு அது. அதன் நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. 2017-இல் அரசாங்கம் வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட மாதங்களில் அப்படிப்பட்ட மனை வைத்திருந்தவர்கள் விற்க வழியில்லாமல் நின்றார்கள். மண் அங்கேயேதான் இருந்தது. வாங்க ஆளும் இருந்திருக்கலாம். பதிவுதான் இல்லை. வட்டிக்கு எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை.

இதெல்லாம் அந்த வாலிபனுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது குற்றமும் அல்ல. எவனும் முதல் மனையை அநுபவத்தோடு வாங்குவதில்லை. அத்தையிடம் அவன் என்ன சொல்கிறான் என்பதில்தான் எனக்கு விவகாரம். "அத்தை, நீங்க கவலையே படாதீங்க. ரெண்டு வருஷத்துல இரட்டிப்பாயிடும்" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தான் நம்புவதைச் சொல்கிறான். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி, அந்த வார்த்தையின் பேரில் இன்னொருத்தியின் பணத்தை வாங்கிக்கொள்கிறான். தன் ஆசையை அவளுக்கு ஜாமீனாகக் கொடுக்கிறான்.

தறிக்குழியில் என்ன நடக்கிறது? கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா. நெய்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். கற்றுக்கொள்கிறவன் அந்த இடத்தில்தான் உட்காருகிறான். இழை அறுப்பான், கரையைக் கோணலாக்குவான். ஆனால் அவன் கற்றுக்குட்டி என்பது தறிக்காரருக்கும் தெரியும், பட்டுக் கொடுத்தவருக்கும் தெரியும். தெரிந்துதான் இடம் கொடுக்கிறார்கள். கல்யாணச் சேலையை முதல் நாளே அவன் கையில் ஒப்படைப்பதில்லை. மனை வியாபாரத்தில் மட்டும், கற்றுக்குட்டி தன்னைக் கைதேர்ந்தவனாகச் சொல்லிக்கொண்டு, நேரே கல்யாணப் பணத்திலேயே கை வைக்கிறான்.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் எழும். "உள்ளதை உள்ளபடி சொன்னால் யார் கொடுப்பார்கள்? பணக்காரன் பிள்ளை அப்பன் பணத்தில் கற்றுக்கொள்கிறான். ஏழைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்வது? உங்கள் தர்மம் இருக்கிறவனை மேலும் இருக்கச் செய்யும். இல்லாதவனைத் திண்ணையிலேயே உட்கார வைக்கும்."

இந்த ஆட்சேபத்தில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் கற்றுக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் பணக்காரன் வீட்டில் அப்பனுக்குப் பிள்ளை கற்றுக்கொள்கிறான் என்பது தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலும், இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் முதல் கொடுத்துக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்த ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. விவசாயிகளின் கடனுக்கு வழி தேடி, 1892-இல் மதறாஸ் அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கிராம பாங்கிகளைப் பார்த்துவரச் சொன்னது. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. பதிவான ஊர் காஞ்சிபுரம். சிறு பணம் பலருடையது. கணக்கு எல்லோர் பார்வையிலும். நஷ்டம் வந்தால் ஒரு வீட்டுக் கூரையை மட்டும் பிய்த்துக்கொண்டு போகாது.

சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1906 அக்டோபரில், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. பெரிய பெயர், பெரிய கட்டடம், வெள்ளைக்காரத் துரைகள். அந்தப் பெயரை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டிருந்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. அந்த நாசத்தைப் பார்த்த பிறகுதான் 1907-இல் இந்தியன் பாங்கி பிறந்தது.

காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்காகக் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் வேறொரு விதி. பராந்தகச் சோழன் காலத்தில், 921-ஐ ஒட்டி வெட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை உட்பட அவன் நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. கடுமையான விதிதான். ஆனால் அதை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: கணக்குக் காட்டாதவன் தன் பெயரை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே என் நிபந்தனைகள் இவை. "இது எனக்கு முதல் மனை, தோற்றாலும் தோற்கலாம்" என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு, அத்தை கடன் கொடுக்கிறாளா, கூட்டாளியா என்பதை இருவரும் தீர்மானிக்க வேண்டும். கூட்டாளி என்றால் கிரயப் பத்திரத்தில் அவள் பெயரும் ஏற வேண்டும். லாபத்திலும் பங்கு வேண்டும். கடன் என்றால் நஷ்டம் முழுவதும் அவனுடையது. விற்றாவது அடைக்க அவனிடம் ஏதேனும் இருக்க வேண்டும். லாபம் வந்தால் தனக்கு, நஷ்டம் வந்தால் இருவருக்கும் என்ற ஏற்பாட்டை நான் திருட்டு என்று சொல்லமாட்டேன். அதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது என்று சொல்வேன்.

எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "அத்தையிடம் பத்திரமா? அவமானம்!" என்பார்கள். அத்தையும் அண்ணன் பிள்ளையும் உத்தமர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு இருவரில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் மிஞ்சியவர்களுக்கு என்ன தெரியும்? வெறும் பிராமிசரி நோட்டு, நடுவில் வரவு வைக்காவிட்டால், மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும். பதிவு செய்த அடமானப் பத்திரமோ வில்லங்கச் சான்றில் நின்று பேசும். இருபதாயிரத்தையும் அதற்கு மேற்பட்டதையும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது. பாங்கி வழியாகவே வாங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவள் கேட்காமலே கணக்குச் சொல்ல வேண்டும். பத்திரம் உறவைச் சந்தேகிப்பதற்காக எழுதுவதன்று. உறவின் முதுகில் பணத்தை ஏற்றாமலிருக்க எழுதுவது.

கடைசி நிபந்தனைதான் கஷ்டமானது. இத்தனையும் செய்த பிறகும், அத்தை முழு மனத்தோடு நீட்டிய பிறகும், வாங்கக் கூடாத பணம் ஒன்று உண்டு. போய்விட்டால் அவள் எழுந்து நிற்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்த பணம் அது. அவள் சம்மதித்தாள் என்பது பதிலாகாது. அன்பு எதற்கும் சம்மதிக்கும். அதனால்தான் அன்பிடம் கேட்கும்போது நாமே அளவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தை மறுத்துவிட்டு, நாலு நண்பர்களோடு சேர்ந்து, போனாலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய சேமிப்பைப் போட்டு, ஒரு சின்ன மனையில் அவன் ஆரம்பிக்கட்டும். நாலு வருஷம் தாமதமாகும். ஆகட்டும். அந்த நாலு வருஷமும் அவன் அத்தை வீட்டு வாசலைத் தலைநிமிர்ந்து கடந்து போகலாம். அவள் பெண்ணுக்குக் குறித்த தேதியில் கல்யாணமும் நடக்கும்.