சிறுநீர் பிரிவதும் ஓர் அருட்கொடையே

 

கழிப்பிடத்தை விட்டு வெளியேறும்போது அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அங்கே என்ன பாவம் நடந்தது என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. மார்க்க அறிஞர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று இது: உடலை விட்டுத் தீங்கு நீங்கிய பேரருளுக்கு உரிய நன்றியைச் செலுத்த அடியானால் இயலாது, அக்குறைக்காகவே மன்னிப்பு.

அவ்வருள் எத்தகையது? நாம் உண்ணும் இறைச்சியிலும் பருப்பிலும் உள்ள புரதம் உடலில் செலவாகும்போது அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஈரல் அதனை யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, உடலுக்கு வேண்டியதைத் திரும்ப அனுப்பிவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் அந்த யூரியாவோடு வெளியேற்றுகின்றன. நாம் உறங்கும்போதும் இவ்வேலை நிற்பதில்லை.

கலீபா ஹாரூன் ரஷீத் ஒருநாள் தண்ணீர் அருந்தப் போனார். அருகிலிருந்த இப்னு சம்மாக் என்னும் பெரியார், "இது கிடைக்காவிட்டால் என்ன விலை கொடுப்பீர்?" என்று கேட்டார். பாதி அரசைக் கொடுப்பேன் என்றார் கலீபா. "குடித்த நீர் வெளியேறாவிட்டால்?" மீதிப் பாதியையும் கொடுப்பேன் என்றார். ஒரு மிடறு நீருக்கும் சிறுநீருக்கும் ஈடாகாத அரசாட்சியைக் கொண்டு பெருமையடிக்க என்ன இருக்கிறது என்று பெரியார் கேட்க, கலீபா அழுதுவிட்டாராம்.

அவர் காலத்தில் அது வெறும் கேள்வி. இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் டயாலிசிஸ் நிலையங்களுக்குச் சென்று பாருங்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், நம்மவர்கள் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு அமர்ந்திருக்கிறார்கள். மலேசியாவில் இப்படி 50,000 பேருக்கு மேல் உள்ளனர். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இனிப்பு நீரே காரணம். நாசி கண்டாரையும் தே தாரிக்கையும் நான் பழிக்கவில்லை. அவை நம் சமூகத்தார் பலருக்குச் சோறு போடும் தொழில். காலை, மாலை, இரவு என்று நாளுக்கு மூன்று கிளாஸ் கெட்டிப் பால் தேநீர் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கிடையே, உடலின் நஞ்சைக் கழுவித் தரும் பானம் என்று வாட்சாப்பில் விற்கிறார்கள். சிறுநீரகத்தைக் கழுவும் பானம் எதுவும் கிடையாது. பதிவு செய்யப்படாத மருந்துப் பொருள்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டறிந்திருக்கிறது. அதுவோ இரத்தத்தில் இனிப்பை ஏற்றிவிடும். 'மால்' என்று தொடங்கும் பதிவெண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். போத்தலின் மேல் அரபு எழுத்து இருப்பது அதற்கு ஈடாகாது!

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. இனிப்பு நீரோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே சோதித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வலி எதுவும் தெரியாது, சோதனையில்தான் தெரியும்.